பலா மாதிரிதான் என்று சொன்னேன்

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மரத்தை நடுவதற்குப் பல வருடம் முன்பே தெரியும். தெரிந்திருந்தும், கிளை கழிக்க மேலே ஏறிய ஒரு பையன் அரிவாளை நிறுத்திவிட்டு, "இதுல பால் வருதே சார், ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று கேட்டபோது, "ஒண்ணும் ஆவாது தம்பி, பலா மாதிரிதான்" என்று கீழே நின்று பதில் சொன்னேன். சற்று நேரத்தில் அவன் இரண்டு கண்களையும் பொத்திக்கொண்டு இறங்கினான்.

நான் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் பையன் என் பேச்சை நம்பியதற்கு அதுவும் காரணம். வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைக்கிற ஊர் எங்களுடையது.

ஊர் திருவதிகை, பண்ருட்டியை ஒட்டிக் கெடிலத்தின் கரையில் இருக்கிறது. வீரட்டானேசுவரர் கோயிலின் தலமரம் சரக்கொன்றை. தில்லை எங்கள் மண்ணுக்கு உரியதில்லை, சிதம்பரத்துக்கு உரியது. அங்கே கோயிலுக்கும் ஊருக்கும் பெயராக நின்ற மரம். ஆனால் இன்று தில்லையைக் காடாகப் பார்க்க வேண்டுமானால், சிதம்பரத்திலிருந்து கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் போல் போய்ப் பிச்சாவரத்தில் படகேற வேண்டும். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில், சுமார் 1,100 எக்டேர் பரப்பில், 51 திட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது அந்தக் காடு. வாய்க்கால் ஓரத்தில் முட்டுக்கால் வேர்களை ஊன்றிச் சுரபுன்னை நிற்கும். அதற்குப் பின்னால் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக வேர்களை மேலே நீட்டிக்கொண்டு வெண்கண்டல். தில்லை இன்னும் உள்ளே தள்ளி, கொஞ்சம் மேடான, வெள்ளம் எப்போதாவது ஏறி இறங்குகிற இடத்தில் இருக்கும். முட்டுக்காலும் கிடையாது, மூச்சுக்குச்சியும் கிடையாது. வேர்கள் மண்ணுக்கு மேலேயே வளைந்து நெளிந்து ஓடிக்கொண்டிருக்கும். இந்தியக் கடற்கரையிலும் இலங்கையிலும் அந்தமானிலும் தொடங்கி ஆஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும் வரைக்கும், உப்புத் தண்ணீர் தொடுகிற கரைகளில் இது பரவியிருக்கிறது. விதை சிறியது. தண்ணீரில் மிதக்கும். தீவு விட்டுத் தீவு போனது அப்படித்தான்.

பள்ளியில் இருந்த காலத்தில் பிள்ளைகளைப் பலமுறை பிச்சாவரத்துக்கு அழைத்துப் போயிருக்கிறேன். படகில் ஏறுவதற்கு முன் எல்லோரையும் நிறுத்தி வைத்து நான் சொல்கிற முதல் பேச்சு தில்லையைப் பற்றித்தான். இலையைக் கிள்ளக் கூடாது, குச்சியை ஒடிக்கக் கூடாது, தப்பித் தவறிக் கையில் பால் பட்டால் அந்தக் கையால் முகத்தைத் தொடக் கூடாது. ஆமணக்கு, கள்ளி, ரப்பர் எல்லாம் சேர்ந்த குடும்பம் இது, இந்தப் பாலில் இருக்கிற டைட்டர்பீன் வகைச் சேர்மங்கள் தோலில் கொப்புளம் கிளப்பும், கண்ணின் மேற்பரப்பைப் புண்ணாக்கும் என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு விளக்கமும் சொல்வேன். ஒரு பிள்ளைக்குக்கூட எதுவும் ஆகாமல் திரும்பக் கூட்டி வந்திருக்கிறேன். இத்தனை பேருக்கு ஓயாமல் சொன்னதை, என் வீட்டு மரத்தில் ஏறியவனுக்கு, அவன் வாய் திறந்து கேட்ட பிறகும் சொல்லவில்லை.

அந்த மரம் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொன்னால்தான் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பது விளங்கும்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தது. பண்ருட்டி வட்டாரத்தில் அதைப் பார்த்தவர்கள் யாரும் மறக்கவில்லை. முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மூன்று தலைமுறை கண்ட பலா மரங்கள் குறுக்கே விழுந்து சாலைகளை அடைத்தன. முந்திரியும் பலாவும்தான் இங்கே பலருக்குச் சொத்து. பிள்ளையின் படிப்பும் பெண்ணின் கல்யாணமும் அந்த மரங்களை நம்பித்தான் இருந்தன. எங்கள் வீட்டுக்குப் பின்னால் என் தாத்தா வைத்த பலாவும் விழுந்தது. அது நின்ற இடம் வெறிச்சென்று போய்விட்டது. வெயில் நேராக அடுப்படி வரைக்கும் வந்தது.

அந்த இடத்தில் தில்லை வைப்பது என்று முடிவு செய்தேன். 2004 ஆழிப்பேரலையில் பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் பெருஞ்சேதத்திலிருந்து தப்பின என்பதும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்கள் அதை ஆராய்ந்து எழுதியதும் என் நினைவில் இருந்தன. காற்றையும் வெள்ளத்தையும் கண்டு பழகிய மரம் என்ற எண்ணம் ஒன்று. இன்னொரு எண்ணமும் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். பிச்சாவரம் காப்புக்காடு. அங்கே ஒரு குச்சியையும் தொடக் கூடாது. கிள்ளைப் பக்கத்தில் எங்கள் உறவினர் ஒருவருக்கு உப்பங்கழியை ஒட்டி நிலம் இருக்கிறது. அதன் வரப்போரத்தில் தானாக முளைத்த கன்று ஒன்றை, 2012 ஐப்பசி மழையில், அடிமண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தேன்.

இதை வளர்ப்பதைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, உப்புப் போட வேண்டுமா என்பதுதான். வேண்டாம். தில்லை உப்பைத் தாங்குகிற மரமே ஒழிய உப்பைத் தின்று வாழ்கிற மரம் இல்லை. நல்ல தண்ணீரில் நன்றாகவே வளரும். நல்ல தண்ணீர் உள்ள மண்ணில் மற்ற மரங்கள் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடுகின்றன. அவை வர முடியாத உவர்மண்ணில் இது நின்றுகொண்டது, அவ்வளவுதான். உப்பைத் தாங்கும் மரங்களுக்குக்கூட அளவு உண்டு. பிச்சாவரத்தில் பல பத்தாண்டுகளாகப் பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையாக வெட்டியெடுக்கும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் மண் காய்ந்து பள்ளமாக இறங்கிவிட்டது. ஏறிய கடல்நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அங்கே எந்தக் கன்றும் பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, அலை வந்து போக வழி செய்த பிறகுதான் அந்தத் திடல்களில் மறுபடி பச்சை வந்தது. ஆகவே தில்லை வைப்பவர் உப்பைப் பற்றிக் கவலைப்படாமல், தண்ணீர் வந்து போகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

எங்கள் பக்கம் செம்மண்ணும் மணலும். தண்ணீர் நிற்காது. குழியை அகலமாக எடுத்து, ஏரி வண்டலைப் பாதிக்குப் பாதி கலந்து வைத்தேன். முதல் இரண்டு கோடைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். எரு அதிகம் போடவில்லை. முதல் கோடையிலேயே இலைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. "கன்று போயிடுச்சுங்க" என்றாள் என் மனைவி. போகவில்லை. உதிர்வதற்கு முன் இலை சிவப்பது அதன் இயல்பு. குங்குமச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒரே மரத்தில் நிற்கும்போது பார்க்கக் கண் போதாது. பிறகு தளிர்த்தது. 2015 நவம்பரில் கடலூர் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தபோது எங்கள் தோட்டத்திலும் தண்ணீர் நின்றது. வாழையும் முருங்கையும் அழுகிப் போயின. தில்லைக்கு ஒரு இலை வாடவில்லை. வேர் மேலோடு ஓடுகிற மரம் என்பதால் அடியில் சிமெண்ட் போடக் கூடாது, மண்ணை மேடுகட்டி மூடவும் கூடாது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எங்களுடையது ஆண். பூக்கும் காலத்தில் பசுமஞ்சளாகச் சரம் சரமாகத் தொங்கும், தேனீ மொய்க்கும், காய்க்காது.

பிச்சாவரத்தில் வெண்கண்டலுக்கும் சுரபுன்னைக்கும் கிடைக்கிற பெயர் இந்த மரத்துக்குக் கிடைப்பதில்லை. எனக்கு இதன் மேல் இருந்த அன்பு உண்மையானது. ஆனால் அன்பு மட்டும் இல்லை.

சொல்வதாகச் சொன்ன இன்னொரு எண்ணத்துக்கு வருகிறேன். திருவதிகை, அப்பரின் வாழ்க்கை திரும்பிய ஊர். சூலை நோயோடு சமணப் பள்ளியை விட்டு வந்த தம்பிக்குத் திலகவதியார் திருநீறு கொடுத்து, கோயிலுக்குள் அழைத்துப்போனது இங்கேதான். அப்பர் தம் தேவாரத்தின் முதல் பதிகத்தைப் பாடியதும் இங்கேதான். திலகவதியார் இங்கே கோயிலை அலகிட்டு, மெழுகி, நந்தவனத்துப் பூவெடுத்து மாலை கட்டி வாழ்ந்தவர். தம்பி பிற்காலத்தில் கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர். சித்திரைச் சதயம் அப்பரின் குருபூசை. அன்றைக்கு வெளியூர்களிலிருந்து உழவாரத் திருக்கூட்டத்தார் வருவார்கள். அதிகையிலிருந்து புறப்பட்டுத் தில்லையையும் பாடிய அப்பருக்கு, அதிகையிலேயே ஒரு தில்லை மரம் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது பக்தியாகத்தான் தொடங்கியது. வந்தவர்களைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய், "இதுதான் தில்லை" என்று காட்டுவேன். அவர்கள் தொட்டுக் கும்பிடப் போவார்கள். தண்டில் கீறல் எங்காவது இருக்கிறதா என்று நான் முதலில் பார்த்துவிட்டு, பிறகுதான் விடுவேன். அவர்களுக்கும் எச்சரிக்கை சொன்னேன், பாருங்கள். வருடம் போகப் போக, சதயத்தன்று காலையில் கோயிலைவிட என் தோட்டத்தைப் பற்றித்தான் அதிகம் நினைத்தேன்.

2023இல் மரம் நன்றாக உயர்ந்துவிட்டது. ஒரு பெரிய கிளை மின்கம்பிப் பக்கம் சாய்ந்திருந்தது. உள்ளே காய்ந்த குச்சிகள் பின்னிக் கிடந்தன. சதயத்துக்குள் அதை ஒழுங்கு செய்துவிட வேண்டும் என்று பரங்கிப்பேட்டைப் பக்கத்து ஆள் ஒருவரை வரவழைத்தேன். அவர் மரத்தைப் பார்த்ததுமே, "தில்லைங்களா" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். கண்ணாடி போட்டுக்கொண்டு, தலையிலும் கையிலும் துணி சுற்றிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும். ஒரு நாளில் முடியாது. கூலி இரண்டு பங்கு. தொரட்டியும் பத்தாது, கயிறு கட்டி இறக்க இன்னொரு ஆள் வேண்டும். அவர் கேட்டதில் ஒரு ரூபாய்கூட அநியாயம் இல்லை. ஆனாலும் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு தேடிப் பிடித்தது அந்தப் பையனை. பலாத் தோப்பில் காய் இறக்குகிறவன். மரமேறுவதில் கெட்டிக்காரன். கடலோரத்தைப் பார்த்திராதவன். தில்லை என்று ஒரு மரம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. தெரியாதவன் என்பதற்காகவே அவனைக் கூப்பிட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

பலாவிலும் பால் வரும். காய் அறுக்கிறவர்கள் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். பால் பட்டால் பிசுக்குப் பிடிக்கும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. ஆகவே தில்லையின் பாலைப் பார்த்ததும் அவன் பயப்படவில்லை. புது மரமாயிற்றே என்று ஒரு வார்த்தை கேட்டான், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு உண்மை சொல்லியிருந்தால், இறங்கி வந்திருப்பான், அல்லது கூலி கூடக் கேட்டிருப்பான், அல்லது முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு வெட்டியிருப்பான். இந்த மூன்றில் எது நடந்திருந்தாலும் எனக்குக் கொஞ்சம் பணமோ கொஞ்சம் நேரமோதான் போயிருக்கும். இரண்டையும் கொடுக்க மனம் இல்லாமல், "பலா மாதிரிதான்" என்றேன். அவன் தலைக்கு மேலிருந்த கிளையில் அரிவாளைப் போட்டான். பால் தெறித்தது. வியர்வையைத் துடைக்கிற மாதிரி அதே கையால் முகத்தைத் துடைத்தான்.

கீழே வந்தவனை அடிபம்புக்கு இழுத்துப்போய்த் தண்ணீரை அடித்து ஊற்றினேன். பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து தாய்ப்பால் விடலாம், விளக்கெண்ணெய் விடலாம் என்றார். வேண்டாம், தண்ணீர் மட்டும்தான் என்று தடுத்தேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த சரியான காரியம். ஆனால் அதையும் கூட்டத்தில் யாரும் கவனிக்காமல் இருக்க வேண்டுமே என்று அடிமனம் பதறியது. என்ன செய்ய வேண்டும் என்று இவ்வளவு சரியாகத் தெரிந்தவனுக்கு, அது என்ன பால் என்றும் தெரிந்திருக்கும் அல்லவா!

மருத்துவமனையில் டாக்டர் கேட்டார், என்ன மரம் என்று. அந்த மரத்தின் தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், குடும்பம், பாலில் என்ன இருக்கிறது என்பது வரைக்கும் என்னிடம் பதில் இருந்தது. "தோட்டத்துல ஒரு மரம்ங்க, பால் வடியும்" என்று சொன்னேன். பையன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தான். நான் பெயரைச் சொன்னால் அவன் காதில் விழும். எனக்கு முன்பே தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். வைத்தியம் பார்க்கிறவரிடம் உண்மையை மறைத்தால் அந்தக் கண்ணுக்கு என்ன ஆகும் என்பதைவிட, என் முகம் என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. முதலில் சொன்ன பொய்யைவிட இதை நான் கொடியதாக நினைக்கிறேன். மரத்தடியில் பேசியது ஒரு நொடியில் வாயிலிருந்து வந்துவிட்டது. மருத்துவமனையில் சொன்னதை யோசித்துத்தான் சொன்னேன்.

கண் மேற்பரப்பு வெந்திருக்கிறது என்றார்கள். கட்டுப் போட்டு, சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். பார்வை திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. வெயிலில் கண் கூசுவது அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தது. மருந்துச் செலவை நான் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் கூலிக்குக் கொஞ்சம் மேலாக ஒரு தொகையை அவன் கையில் வைத்து, "வெச்சுக்க தம்பி" என்றேன். கடனைத் திருப்புகிறவன் போலக் கொடுக்கவில்லை, தருமம் செய்கிறவன் போலக் கொடுத்தேன். தெருவில் விசாரித்தவர்களிடம், "பாத்து வெட்டுடான்னு சொன்னேன், கேக்கல. சின்னப் பையன்தானே" என்றேன். அவன் மேலேயே பழியைப் போட்டேன். அவனுடைய ஊர்வரைக்கும் அந்தப் பேச்சுப் போயிருக்கிறது. கவனமில்லாதவன் என்று பெயராகி, அந்த வருடம் பலா இறக்க அவனைச் சிலர் கூப்பிடவில்லை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவன் கண்ணில் கட்டோடு இருந்தபோதே சதயம் வந்தது. மண்டபத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். திலகவதியாரின் அருள் உள்ளத்தைப் பற்றி நெடுநேரம் பேசினேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். பிறகு வழக்கம்போல் தோட்டத்துக்கு வந்தார்கள். உள்குச்சிகள் கழிக்கப்பட்டு மரம் அழகாகத்தான் நின்றது. சிதம்பரத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் வெட்டுவாய்களைப் பார்த்துவிட்டு, "பால் படாமப் பாத்துப் பண்ணீங்களா ஐயா?" என்று அக்கறையாகக் கேட்டார். "ஆள் வெச்சுதான் வெட்டினது" என்றேன். அவருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பர் இங்கே பாடிய அந்த முதல் பதிகத்தில், நோயின் வேதனையில், தான் அறியாமல் செய்த கொடுமைகளின் பயனா இது என்று நைந்து கேட்கிற ஒரு மனிதர் இருக்கிறார். சிறுவயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவந்த பதிகம். அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைத்தவர். முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தோலைத் தின்றுவிடும். சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உடைப்பார்கள், அப்படியும் விரல் நுனி கறுத்து, உரிந்து, ரேகை தெரியாமல் போகும். சோறு பிசையும்போது எரிகிறது என்று அம்மா கரண்டியால் சாப்பிட்ட நாட்கள் உண்டு. அந்தக் கைகள் சம்பாதித்த காசில்தான் நான் படித்தேன், அறிவியல் படித்தேன். மரத்தின் சாறு மனிதத் தோலை என்ன செய்யும் என்று புத்தகம் திறப்பதற்கு முன்னாலேயே வீட்டில் பார்த்தவன் நான். பண்ருட்டி வட்டாரத்தில் பிறந்த யாரும் இதில் தெரியாது என்று சொல்ல முடியாது.

பிறகு ஏன் செய்தேன் என்று என்னையே பலநாள் கேட்டேன். அவசரம் என்றும் சதயம் நெருங்கிவிட்டது என்றும் முதலில் சொல்லிக்கொண்டேன். பென்ஷன் வாங்குகிறவனுக்கு இரண்டு பங்கு கூலி பெரிய தொகையும் இல்லை. தோண்டித் தோண்டிப் பார்த்ததில் அடியில் கிடந்தது இதுதான்: அந்தப் பையனின் கண் என் கண்ணைவிட மலிவானது என்று உள்ளுக்குள் எங்கோ நான் நம்பியிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் பெற்றோர் வந்து கேட்பார்கள், கும்பிட வந்தவர்களுக்கு ஆனால் ஊர் கேட்கும். கூலிக்கு ஏறியவனுக்கு ஆனால் யார் கேட்பார்கள்? நான் எச்சரித்தவர்கள் எல்லோரும் கேள்வி கேட்க ஆள் உள்ளவர்கள். முந்திரி உடைத்தவரின் மகன் ஒருவன், ஒரு வீடும் ஒரு மரமும் ஒரு மேடையும் கிடைத்ததும் இப்படி ஆகிவிட்டான். அம்மா இருந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

அடுத்த வருடம் சதயம் வருவதற்கு முன்னால் அவன் வீட்டைத் தேடிப் போனேன். முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் ஒரு சிற்றூர். பையன் இல்லை. அவன் அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரும் கொட்டை உடைக்கிறவர் என்பதைக் கையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். உள்ளே வரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பரங்கிப்பேட்டை ஆள் சொன்னது, நான் அவரை அனுப்பியது, மரத்தடியில் சொன்னது, டாக்டரிடம் மறைத்தது, தெருவில் பேசியது. குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தெரிஞ்சுதான் ஏத்துனீங்களா?"

"ஆமாம்மா."

சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட்டிருக்கலாம். அவர் கணக்குச் சொன்னார். மகன் படுத்திருந்தபோது மகளிர் குழுத் தவணை தவறியது, அதற்கு வட்டி. கடையில் நின்ற பாக்கி. கண்ணுக்கு இரண்டாவது தடவை காட்டப் போன பஸ் செலவு, தன்னுடைய வேலை போன நாட்கள். பலா இறக்கக் கூப்பிடாமல் போனவர்களின் தோப்புக் கூலி. நான் கொண்டுபோயிருந்த பணத்தை எண்ணி, அந்தக் கணக்குக்கு உரியதை எடுத்துக்கொண்டு மீதியை என் பக்கம் நகர்த்தினார். "எங்களுதுதான் எங்களுக்கு" என்றார். அவன் கவனமில்லாதவன் என்று பேசியதை அந்தப் பேச்சு போன இடமெல்லாம் நீங்களே போய் மாற்றிச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். தோப்பு தோப்பாகப் போய்ச் சொன்னேன். சிலர், "அதெல்லாம் எதுக்கு சார் இப்ப" என்றார்கள். அந்த வருடச் சதயத்தில் மண்டபத்திலும் சொன்னேன். கூட்டத்தார் சங்கடப்பட்டார்கள். ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, ஆளுடைய அரசின் நாளில் இதைப் பேசியிருக்க வேண்டாம் என்றார். அவரோடு நான் ஒத்துப்போகவில்லை.

பையனைப் பிறகு பலாப்பழ மண்டியில் பார்த்தேன். மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தான். அம்மா சொல்லிவிட்டார் போலிருக்கிறது. "பரவால்ல சார்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். அந்த வார்த்தையை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. மரமேறுவதை விட்டுவிட்டான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். மேலே அண்ணாந்து பார்த்தால் வெயில் கூசுகிறதாம்.

அவன் வீட்டிலிருந்து கிளம்பும்போது, அந்த மரத்தை வெட்டிவிடலாம் என்று இருக்கிறேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அப்படிச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அத வெட்ட இன்னொருத்தன் புள்ளையத்தான கூப்புடுவீங்க?"

மரத்தை வெட்டவில்லை. மின்கம்பிப் பக்கம் போன பெரிய கிளை மட்டும் பாக்கி இருந்தது, அதை அப்படியே விடவும் முடியாது. அந்த அம்மா சொன்னதுபோல் இன்னொரு வீட்டுப் பிள்ளையைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. பரங்கிப்பேட்டைக்காரரிடம் நானே போனேன். நடந்ததை அவர் ஏணி வைப்பதற்கு முன்னால் சொன்னேன். அவர் கேட்ட கூலி, கண்ணாடி, துணி, கயிறு பிடிக்க ஒரு ஆள், மரத்தடியில் இரண்டு குடம் சுத்தத் தண்ணீர். கிளையைத் துண்டு துண்டாக இறக்கினார். வேலை முடிந்ததும் ஒரு விவரம் சொன்னார்: மரத்தை உயர விட்டுவிட்டுப் பிறகு ஆளை ஏற்றுவதுதான் தப்பு, மழைக்கு முன்னால் வருடா வருடம், குச்சி விரல் கனத்தில் இருக்கும்போதே தரையில் நின்று நறுக்கிவிட்டால், இதில் யாரும் ஏற வேண்டியதே இல்லை. வெட்டினால் தில்லை தாங்கும், அடியிலிருந்தே தழைக்கும்.

இப்போது அப்படித்தான் செய்கிறேன். கண்ணாடி போட்டு, முழுக்கைச் சட்டை போட்டு, நானே நறுக்குகிறேன். முகத்துக்கு மேலே இருக்கும் குச்சியைத் தொடுவதில்லை. நறுக்கியதை எரிப்பதும் இல்லை, புகை யார் வீட்டுப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. குழி தோண்டிப் புதைத்துவிடுகிறேன். மரம் இப்போது என் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, புதர் போல அகன்று நிற்கிறது. சதயத்துக்கு வருகிறவர்கள், பழைய மரம் எங்கே என்று கேட்கிறார்கள். அதே மரம்தான் என்று சொல்லி, ஏன் குட்டையாக்கினேன் என்பதையும் சொல்கிறேன்.